ஒரே ஷெல், வெவ்வேறு வீட்டு வழக்கம்



கணினி பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. "கல்லூரிக் கணினியில் இந்த வரியை எழுதினேன், வேலை செய்தது. வீட்டுக் கணினியில் அதே வரியை எழுதினேன், வேலை செய்யவில்லை" என்பதே அது. இரண்டும் லினக்ஸ் இயங்கும் கணினிகள். இரண்டிலும் இருப்பது 'பாஷ்' என்னும் ஒரே ஷெல். எழுதிய வரியில் எழுத்துப் பிழையும் இல்லை. ஆயினும் ஓரிடத்தில் பலித்தது மற்றோரிடத்தில் பலிக்கவில்லை.

இத்தகைய நேரத்தில் பழி முதலில் கணினியின்மீது விழும். அடுத்துப் பிள்ளையின்மீது விழும். இறுதியில் யாரேனும் ஒருவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடுங்கள்" என்று யோசனை கூறுவார். அவ்வாறு நிறுவப் புகுந்து, பல ஆண்டுப் புகைப்படங்களையும், ஊரிலிருந்து வந்த நிலப் பத்திரத்தின் படியையும் இழந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. இதில் வருந்தத்தக்கது யாதெனில், புதிதாக நிறுவிய பின்னரும் அந்த வரி வேலை செய்வதில்லை என்பதே. ஏனெனில் குறை அங்கே இருந்ததன்று. நோயற்ற உடம்பில் கத்தி வைத்தது போன்றதே அச்செயல்.

அப்படியாயின் குறை எங்கே இருக்கிறது? உண்மையில் குறை என்று ஒன்றுமே இல்லை. வழக்கந்தான் வேறுபடுகிறது. ஷெல் தொடங்கும்போது எந்தக் கோப்பைப் படிக்கும், எந்தக் கோப்பு எதனை அழைக்கும் என்பதில் ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலும் தனக்கென ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை அறிந்துகொண்டால் ஐந்து நிமிடத்தில் தீரும் காரியம், அறியாவிட்டால் ஐந்து நாளானாலும் தீராது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல். கோப்புகளின் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்கும். முதலில் புள்ளியுடைய கோப்புகள் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியா. மறைவானவற்றையும் காட்டுமாறு கேட்டால்தான் தெரியும்.

ஷெல்லும் அதன் தொடக்கக் கோப்புகளும்

நாம் தட்டச்சு செய்யும் கட்டளையைப் படித்து, உரிய நிரலைத் தேடி இயக்கி, விளைவை நம்மிடம் சேர்ப்பிக்கும் இடையாளே ஷெல். வேலையில் இறங்குமுன், "என் எசமானர் எனக்கென எழுதிவைத்த குறிப்பு ஏதேனும் உண்டா?" என்று அது பார்க்கும். அக்குறிப்புகள் அடங்கியவையே தொடக்கக் கோப்புகள்.

1979-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. அது ஒருவர் கணினிக்குள் நுழையும்போது '.புரொஃபைல்' என்னும் கோப்பைப் படித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல், வேலையை இரண்டாகப் பகிர்ந்து, நுழையும்போது மட்டும் படிக்க ஒரு கோப்பும், ஷெல் தொடங்கும்போதெல்லாம் படிக்க வேறொரு கோப்பும் வைத்தது. 1989-ஆம் ஆண்டில் குனூ திட்டத்திற்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட பாஷ், போர்னின் வழிவந்ததாயினும் இந்த இரு கோப்புப் பகிர்வையும் தனதாக்கிக்கொண்டது. அதனால்தான் அதற்கு '.பாஷ்_புரொஃபைல்' என ஒன்றும் '.பாஷ்ஆர்சி' என ஒன்றும் உள்ளன. ஈற்றிலுள்ள 'ஆர்சி' என்னும் இரண்டெழுத்து, 1960-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கிய கணினி அமைப்பொன்றில் கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்புக்கு வழங்கிய 'ரன்காம்' என்னும் பெயரின் எச்சமாகும்.

இரண்டு கேள்விகள்

பாஷ் தொடங்கும்போது தன்னைத்தானே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறது. முதலாவது: "நான் உள்நுழைவு ஷெல்லா, அல்லவா?" இரண்டாவது: "என்னுடன் ஒரு மனிதர் உரையாடப் போகிறாரா, அல்லது எழுதிவைத்த ஏட்டை நானே படித்து முடிக்க வேண்டியதுதானா?" இவ்விரு கேள்விகளுக்குரிய விடைகளைப் பொறுத்தே அது எந்தக் கோப்பைத் தொடும் என்பது அமையும்.

பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கரிய திரை முனையத்தில் நுழைந்தாலும், தொலைவிலுள்ள கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தாலும் கிடைப்பது உள்நுழைவு ஷெல். அது முதலில் அனைவர்க்கும் பொதுவான '/ஈடிசி/புரொஃபைல்' என்னும் கோப்பைப் படிக்கும். பின்பு பயனரின் இல்லக் கோப்புறையில் '.பாஷ்_புரொஃபைல்', '.பாஷ்_லாகின்', '.புரொஃபைல்' என்னும் மூன்றையும் இவ்வரிசையில் தேடும். இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: மூன்றில் முதலில் அகப்படும் ஒன்றை மட்டுமே அது படிக்கும். மற்றவை இருந்தாலும் இல்லாதவையே.

வண்ணத் திரைக்குள் இருந்துகொண்டு முனையச் சாளரத்தைத் திறந்தால், லினக்ஸில் வழக்கமாகக் கிடைப்பது உள்நுழைவு அல்லாத, ஆனால் உரையாடும் ஷெல். அது மேற்கூறிய மூன்றையும் நோக்காது, '.பாஷ்ஆர்சி'யை மட்டுமே படிக்கும்.

எழுதிவைத்த கட்டளை ஏட்டை இயக்கும் ஷெல் உரையாடுவதன்று. அது இவற்றில் எதனையும் படிக்காது.

இவ்வாறு பிரித்ததற்கு நியாயம் இருக்கிறது. சூழல் மாறிகள் எனப்படுபவை தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்து இறங்குவதுபோல், ஒரு நிரலிலிருந்து அது தொடங்கும் அடுத்த நிரலுக்கு இறங்கும். கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலாகிய 'பாத்' இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகையவற்றை நுழைவாயிலில் ஒரு முறை சொன்னால் போதும். நீண்ட கட்டளைக்கு நாம் வைத்துக்கொள்ளும் குறுக்குப்பெயர் அவ்வாறு இறங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு சாளரத்திலும் புதிதாகச் சொல்ல வேண்டும். முன்னதற்கு நுழைவுக் கோப்பு, பின்னதற்கு '.பாஷ்ஆர்சி' என்பதே முறை.

பொது விதியும் துணை விதியும்

இதுவரை சொன்னது பாஷின் பொது விதி. எல்லா லினக்ஸிலும் ஒன்றே. ஆனால் அதில் ஓர் இடைவெளி இருக்கிறது. நுழைவு ஷெல் '.பாஷ்ஆர்சி'யைத் தானாகப் படிக்கும் என்று அவ்விதி கூறவில்லை. எஸ்எஸ்எச் வழியாக நுழைபவருக்கும் தம் குறுக்குப்பெயர்கள் வேண்டுமன்றோ? ஆகவே நுழைவுக் கோப்பு '.பாஷ்ஆர்சி'யை அழைக்குமாறு யாரேனும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அந்த வரியை எழுதிவைப்பவர்கள், லினக்ஸைத் தொகுத்து வழங்குவோர். அவர்களுடைய தொகுப்பையே 'வழங்கல்' என்கிறோம். 1993-இல் தொடங்கிய டெபியன், 2003-இல் வந்த ஃபெடோரா, 2004-இல் வந்த உபுண்டு முதலியன யாவும் வழங்கல்களே.

நம் நாட்டு ரயில்வே இவ்வகையில் நல்ல உவமை. நாடு முழுமைக்கும் பொது விதிகள் ஒன்றே. அவற்றின் கீழ் ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் துணை விதிகள் வகுத்துக்கொள்கிறது. அவற்றின் கீழ் ஒவ்வொரு நிலையத்திற்கும் அதன் தண்டவாள அமைப்பிற்கேற்ப நிலைய வேலை விதிகள் உண்டு. ஒரு நிலையத்தில் இருபதாண்டு பணியாற்றியவரும், வேறு நிலையத்திற்கு மாற்றலாகிப் போனால், அந்நிலைய விதிகளைப் படித்துக் கையொப்பமிட்ட பின்னரே பணியேற்க வேண்டும். "எனக்குப் பொது விதி தெரியும்" என்பது போதாது. பாஷின் கையேடு பொது விதி. வழங்கலின் ஏற்பாடு துணை விதி. நம் இல்லக் கோப்புறையிலுள்ள கோப்புகள் நிலைய விதி. நம் பிள்ளைகள் படும் துன்பத்தில் பெரும்பகுதி, ஒரு நிலையத்தின் விதியை மற்றொரு நிலையத்தில் நடத்த முயல்வதால் வருவதே.

டெபியன் குடும்பம், ஃபெடோரா குடும்பம்

டெபியன் குடும்பத்தில் உபுண்டு, மின்ட் ஆகியவையும், சி-டாக் நிறுவனம் நம் நாட்டுக்கென உருவாக்கிய 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்னும் வழங்கலும் அடங்கும். கேரளத்துப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் கையாளும் லினக்ஸும் உபுண்டு வழிவந்ததே. ஃபெடோரா குடும்பத்தில் ரெட் ஹேட், அல்மா, ராக்கி முதலியவை அடங்கும். அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இக்குடும்பத்தை மிகுதியாகக் காணலாம்.

புதிய பயனருக்கு டெபியன் குடும்பம் கொடுப்பது '.புரொஃபைல்', '.பாஷ்ஆர்சி' என்னும் இரண்டு. '.பாஷ்_புரொஃபைல்' அங்கே கிடையாது. ஃபெடோரா குடும்பம் கொடுப்பது '.பாஷ்_புரொஃபைல்', '.பாஷ்ஆர்சி' என்னும் இரண்டு. '.புரொஃபைல்' அங்கே கிடையாது. இரு குடும்பங்களிலும் நுழைவுக் கோப்பு '.பாஷ்ஆர்சி'யை அழைக்கும். இவ்வளவில் ஒற்றுமை முடிகிறது.

இல்லக் கோப்புறையில் 'பின்' என்னும் இடத்தில் வைத்த சொந்த நிரல்களைத் தேடுமாறு சொல்லும் வரி, டெபியனில் '.புரொஃபைல்' கோப்பில் இருக்கிறது. அதுவும் நுழையும் வேளையில் அந்தக் கோப்புறை இருந்தால் மட்டுமே செயற்படும். ஆகவே புதிதாக 'பின்' கோப்புறையை உண்டாக்கியவர், வெளியேறி மீண்டும் நுழையும் வரை பயன் காணார். ஃபெடோராவிலோ அந்த வரி '.பாஷ்ஆர்சி'யிலேயே இருக்கிறது, புதிய சாளரம் திறந்தால் போதும்.

டெபியனின் பாஷ், '/ஈடிசி/பாஷ்.பாஷ்ஆர்சி' என்னும் பொதுக் கோப்பைத் தானே தேடிப் படிக்குமாறு கட்டப்பட்டது. ஃபெடோராவில் அதற்கு ஈடாக உள்ள '/ஈடிசி/பாஷ்ஆர்சி'யை, சாளரம் திறக்கையில், பாஷ் தானாகத் தேடுவதில்லை; பயனரின் '.பாஷ்ஆர்சி'தான் அதனை அழைக்கிறது. தம் '.பாஷ்ஆர்சி'யைத் துடைத்துவிட்டுத் தாமே புதிதாக எழுதிய ஃபெடோராப் பயனருக்குப் பொது ஏற்பாடுகளும் உடன் போய்விடுவதன் காரணம் இதுவே.

'/ஈடிசி/புரொஃபைல்.டி' என்னும் கோப்புறையில் நிர்வாகிகள் சிறு சிறு கோப்புகளாக ஏற்பாடுகளை இட்டுவைப்பது வழக்கம். டெபியன் குடும்பத்தில் இவை நுழையும்போது மட்டுமே படிக்கப்படும். ஃபெடோரா குடும்பத்தில் சாளரம் திறக்கும்போதும் படிக்கப்படும். "கோப்பை உரிய இடத்தில்தான் வைத்தேன், சாளரத்தில் ஒன்றும் தெரியவில்லையே" என்று உபுண்டுப் பயனர் திகைப்பதும், ஃபெடோராப் பயனர் திகையாதிருப்பதும் இதனாலேயே.

இவ்விரு குடும்பங்களோடு உலகம் முடிந்துவிடவில்லை. ஆர்ச் என்னும் வழங்கல், பொதுக் கோப்பில் டெபியனைப் போலவும், பயனர் கோப்பில் ஃபெடோராவைப் போலவும் இருக்கிறது. ஓபன்சூசேயில் பொது ஏற்பாடுகளை மாற்ற விரும்புவோர், வழங்கலின் கோப்பில் கைவைக்காமல் '/ஈடிசி/புரொஃபைல்.லோக்கல்' என்னும் தனிக் கோப்பில் எழுத வேண்டும். இல்லையேல் அடுத்த புதுப்பிப்பில் எழுதியது காணாமற் போகலாம்.

நான்கு பள்ளங்கள்

இவ்வேறுபாடுகள் நடைமுறையில் எங்கே காலை இடறச் செய்யும் என்பதை இனிக் காண்போம்.

முதலாவது, ஃபெடோராவுக்கென எழுதிய குறிப்பை உபுண்டுவில் பின்பற்றுவது. "'.பாஷ்_புரொஃபைல்' கோப்பில் இந்த வரியைச் சேர்" என்கிறது குறிப்பு. உபுண்டுவில் அப்படியொரு கோப்பு இல்லை. ஆகவே மாணவர் புதிதாக ஒன்றை உண்டாக்கி, அந்த ஒரு வரியை எழுதுகிறார். மூன்றில் முதலில் அகப்படுவதை மட்டுமே பாஷ் படிக்கும் என்றோமல்லவா? அந்த நொடி முதல் '.புரொஃபைல்' வாயடைக்கப்படுகிறது. அது அழைத்துக்கொண்டிருந்த '.பாஷ்ஆர்சி'யும் நுழைவின்போது அழைப்பாரின்றி நின்றுவிடுகிறது. வண்ணத் திரைச் சாளரத்தில் எல்லாம் முன்போலவே இருக்கும். எஸ்எஸ்எச் வழியாக வந்தால் குறுக்குப்பெயர்களும் சொந்த நிரல்களும் மறைந்திருக்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஒரு வரியைச் சேர்த்ததால் முப்பது வரிகள் போயின என்று யாருக்குத் தோன்றும்? தீர்வு எளிது. அந்த வரியை '.புரொஃபைல்' கோப்பிற்கு மாற்றிவிட்டு, உண்டாக்கிய கோப்பை நீக்கிவிடலாம்.

இரண்டாவது, தொலைக் கணினிக்கு ஒற்றைக் கட்டளை அனுப்புவது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் உட்காராமல், ஒரே ஒரு கட்டளையை அனுப்பி விடை பெறுவதுண்டு. அப்போது உரையாடல் இல்லை. ஆயினும் பாஷ் விதிவிலக்காக '.பாஷ்ஆர்சி'யைத் திறக்கும். டெபியன் குடும்பத்தின் '.பாஷ்ஆர்சி'யில் தலைப்பிலேயே ஒரு காவல் வரி இருக்கிறது: "உரையாடல் இல்லையெனில் இத்துடன் திரும்பிவிடு" என்பது அதன் பொருள். ஆகவே கோப்பின் அடியில் சேர்த்த 'பாத்' வரி படிக்கப்படாது. "கட்டளை காணப்படவில்லை" என்னும் விடையே வரும். ஃபெடோராவின் கோப்பில் அக்காவல் இல்லை. அங்கே அதே வரி பலிக்கும். ஆனால் காவல் இல்லாமைக்கும் ஒரு விலை உண்டு. அங்கே '.பாஷ்ஆர்சி'யில் "வருக" என்று அச்சிடும் வரியொன்றை விளையாட்டாகச் சேர்த்தால், கோப்புகளைப் படியெடுத்து அனுப்பும் எஸ்சிபி, ஆர்சிங்க் போன்ற நிரல்கள் அந்த வரவேற்பைத் தமக்கு வந்த செய்தியென்று கொண்டு குழம்பி நின்றுவிடும். வரவேற்புரை வேண்டுவோர் அதனை நுழைவுக் கோப்பில் வைத்துக்கொள்வதே நன்று.

மூன்றாவது, நமக்கு மிகவும் நெருங்கியது. தமிழில் தட்டச்சு செய்வது. 'ஐபஸ்' போன்ற உள்ளீட்டு முறைகள் இயங்க, பழைய எக்ஸ் வகைத் திரைகளில் சில சூழல் மாறிகளை அமைக்க வேண்டியிருக்கும். அவற்றை '.பாஷ்ஆர்சி'யில் எழுதினால் விந்தையொன்று நிகழும். முனையச் சாளரத்திலிருந்து தொடங்கிய எழுதியில் தமிழ் வரும். அதே எழுதியைப் பட்டியலில் சொடுக்கித் தொடங்கினால் தமிழ் வராது. பட்டியலிலிருந்து தொடங்கியது அந்த ஷெல்லின் பிள்ளையன்று. சொத்து எங்ஙனம் இறங்கும்? இதற்கென டெபியன் குடும்பத்தில் 'இம்-கான்ஃபிக்' என்னும் கருவியும், ஃபெடோராவில் 'இம்-சூசர்' என்னும் கருவியும் உண்டு. அவற்றைக் கையாள்வது நன்று. கையால் எழுத விரும்புவோர் உபுண்டுவில் '.புரொஃபைல்' கோப்பில் எழுதலாம். ஆனால் அங்கே மற்றொரு நுட்பம் உண்டு. வண்ணத் திரை நுழைவின்போது அக்கோப்பைப் படிப்பது பாஷ் அல்லாமல் 'எஸ்எச்' என்னும் பெயரில் நிற்கும் 'டாஷ்' ஆக இருக்கக் கூடும். உபுண்டு 2006-இல் 6.10 பதிப்பிலும், டெபியன் 2011-இல் 6-ஆம் பதிப்பிலும் அந்தப் பெயரை விரைவு கருதி டாஷுக்குக் கொடுத்துவிட்டன. ஃபெடோராவில் அப்பெயரிலும் பாஷே நிற்கிறது. இரட்டைச் சதுர அடைப்புக்குறி, 'சோர்ஸ்' என்னும் சொல் ஆகியவை பாஷுக்குப் புரியும், டாஷுக்குப் புரியா. ஆகவே '.புரொஃபைல்' கோப்பில் பழைய போர்ன் நடையிலேயே எழுத வேண்டும். மற்றொரு கோப்பை அழைக்கத் தனிப் புள்ளி ஒன்றே போதும். அது இருவர்க்கும் புரியும்.

நான்காவது, இரவில் தானாக நடக்கும் வேலை. நான்கில் மிகக் கொடியது இதுவே. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டையும் சந்தாக் கணக்கையும் நாள்தோறும் நள்ளிரவில் வேறொரு வட்டில் படியெடுக்க ஓர் இளைஞர் ஏற்பாடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் தம் கையால் இயக்கிப் பார்க்கிறார், நன்றாக நடக்கிறது. 'கிரான்' என்னும் காலக்கணக்கரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். கிரானோ நாம் இதுவரை பேசிய கோப்புகளில் எதனையும் தொடாது. டெபியன் குடும்பத்தில் அது அறிந்த இடங்கள் '/யுஎஸ்ஆர்/பின்', '/பின்' என்னும் இரண்டே. அது பேசும் மொழியும் டாஷின் மொழியே. இளைஞரின் நிரல் அவருடைய இல்லக் கோப்புறையில் இருக்கிறது. இரவுதோறும் கிரான் தேடுகிறது, காணவில்லை, அமைதியாகத் திரும்புகிறது. ஒரு நாள் வட்டு பழுதாகும்போதுதான், படி என்று ஒன்று எந்நாளும் எடுக்கப்படவில்லை என்பது தெரியவரும். அன்று எத்தனை ஆண்டுக் கணக்கு போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்! கிரானிடம் கொடுக்கும் வேலையில் ஒவ்வொரு நிரலின் முழு முகவரியையும் எழுதுக. விளைவை ஒரு கோப்பில் பதியச் செய்க. மறுநாட் காலையில் அந்தக் கோப்பையும், எடுத்த படியையும் திறந்து பார்க்க. பார்க்காத படி, எடுக்காத படியே.

ஒரே வழங்கலிலும் காலம் வழக்கத்தை மாற்றுவதுண்டு. டெபியன் 2019-ஆம் ஆண்டில் தன் 10-ஆம் பதிப்பில் 'சு' என்னும் கட்டளையின் செயலாக்கத்தை மாற்றியது. அதற்குமுன் வெறும் 'சு' என்று தட்டி நிர்வாகியானவருக்கு நிர்வாகியின் 'பாத்' கிடைத்தது. அதன்பின் பழைய பயனரின் 'பாத்' அப்படியே நின்றது. நிர்வாகக் கட்டளைகள் "காணப்படவில்லை" என்றன. பலர் கணினி கெட்டதென்றே எண்ணினர். 'சு' என்பதன் பின் ஓர் இடம் விட்டுச் சிறு கோடு ஒன்று இட்டால் நுழைவு ஷெல் கிடைக்கும். நிர்வாகியின் 'பாத்' தானே வரும். ஒரு சிறு கோட்டில் அடங்கியிருந்தது காரியம்.

கண்டறியும் முறை

நம் முன் நிற்பது எவ்வகை ஷெல் என்று அதனிடமே கேட்கலாம். 'எக்கோ' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, டாலர் குறியும் சுழியும் இடுக. விடையின் முதலில் சிறு கோடு இருந்தால் அது நுழைவு ஷெல் எனக் கொள்ளலாம். ஐயம் நீங்க, 'ஷாப்ட்' என்று தட்டி, இடம் விட்டு 'லாகின்_ஷெல்' என்று எழுதினால், "ஆன்" அல்லது "ஆஃப்" என்று பாஷ் தெளிவாகவே விடை கூறும்.

அடுத்து, இல்லக் கோப்புறையில் மேற்கூறிய மூன்று நுழைவுக் கோப்புகளில் எவை உள்ளன என்று பார்க்க. பின்பு உள்ளதைத் திறந்து, அது எதனை அழைக்கிறது என்று வரிவரியாகப் படிக்க. இக்கோப்புகள் நீண்டவையல்ல, ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். இயக்கத்தையே நேரில் காண விரும்புவோர், பாஷை 'எக்ஸ்' என்னும் விருப்பக் குறியுடன் தொடங்கினால், அது இயக்கும் ஒவ்வொரு கட்டளையையும் திரையில் எழுதிக்கொண்டே செல்லும்.

மாற்றம் செய்வோர் மூன்று கட்டுப்பாடுகளைக் கைக்கொள்ள வேண்டும். மாற்றுமுன் கோப்பிற்கு ஒரு படி எடுத்து வைக்க. 'பாத்' மாறியில் புதிய இடத்தைச் சேர்க்கும்போது பழைய மதிப்பை விட்டுவிடாமல் அதனோடு சேர்த்தெழுதுக. விட்டுவிட்டால் சாதாரணக் கட்டளைகளும் காணாமற் போகும். மாற்றியபின், இருக்கும் சாளரத்தை மூடாமல், வேறொரு சாளரத்தில் நுழைந்து சோதிக்க. புதியது கெட்டிருந்தால் பழையதிலிருந்து திருத்தலாம். எல்லாம் கைமீறிப் போனாலும், 'நோபுரொஃபைல்', 'நோஆர்சி' என்னும் இரு விருப்பக் குறிகளுடன் பாஷைத் தொடங்கினால், எந்தக் கோப்பையும் படிக்காமல் வெறுங்கையுடன் வந்து நிற்கும். அதைக்கொண்டு சரிசெய்யலாம். அழித்து நிறுவுதல் எந்நிலையிலும் இதற்கு மருந்தன்று.

பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும்

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பிறர் எழுதிய குறிப்பு எதனையும் உங்கள் கணினியில் எழுதுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இக்குறிப்பு எந்த வழங்கலுக்கு எழுதப்பட்டது? என் முன் நிற்பது நுழைவு ஷெல்லா, வெறும் சாளரமா, உரையாடல் இல்லாததா? நான் எழுதப்போகும் கோப்பை இங்கே யார் அழைக்கிறார்? இம்மூன்றிற்கும் விடை தெரிந்தால், வேலை செய்யாத வரி ஏன் வேலை செய்யவில்லை என்பது தானே விளங்கும்.

பெற்றோர்க்கும் ஒன்று. பிள்ளை சொல்வது புரியாமற் போகலாம். ஆனால், "அங்கே நடந்தது, இங்கே நடக்கவில்லை" என்று அவன் சொன்னால் அது பொய்யுமன்று, அறியாமையுமன்று. ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு, பொது வழக்கம் ஒன்றாயிருந்தும் இடவழக்கம் வேறாயிருக்கும் என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. புதிய ஊரில் கடைத்தெரு எப்போது திறக்கும், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டறிந்து நடந்துகொண்டவர்கள் நாம். அந்தப் பொறுமையைக் கணினியிடமும் ஒரு மாலைப்பொழுது காட்டினால், புகைப்படங்களும் பத்திரப் படியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரவு வேலையைக் கிரானிடம் ஒப்படைத்திருப்போர், இவ்விதழைக் கீழே வைத்ததும், நேற்றைய படி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுவார்களாக.